நீலத் தாளும் ரோஸ் தாளும்

வாலிபர் முகாமில் குடும்ப வாழ்க்கை வகுப்பு எடுத்த ஆசீர் துரை, வழக்கம்போல ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தாள்களைத் தூக்கிக் காட்டினார். தடித்த நீலத் தாள் புருஷனாம், மெல்லிய ரோஸ் தாள் மனைவியாம். திர்சாள் முகாமுக்கு வரும் இந்த மூன்று வருடமாக இதே தாள், இதே தொண்டைச் செருமல், இதே சிரிப்பு. முன்வரிசையில் இருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேவன் இணைச்சதப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் நாசம்!" என்று சொல்லிச் சரக்கென்று இழுத்தார். பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள்.

"அண்ணே, நீலத்துக்கு ஒண்ணும் ஆகலயே. ரோஸ்தான கந்தலாக் கெடக்கு," என்றாள் திர்சாள்.

அவர் நீலத் தாளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாய வச்சிக்கிட்டு நீ போற வீடு வெளங்குனாப்பலதான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் மனைவி பியூலா, தரையில் சிதறிய ரோஸ் துணுக்குகளைப் பொறுக்க வந்தாள். முகாமுக்கு முகாம் தாள்களை ஒட்டிக் கொடுப்பது அவள்தான். திர்சாளின் காலடியில் குனிந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"பதினோரு வருசமா ஒட்டுறேன், பிள்ள. நீலம் ஒரு தடவகூட கிழிஞ்சதில்ல."