மூலையில் நின்ற பெயர்

இணையத்தில் ஏறவிருந்த மீன்கொத்திப் படத்துக்கு ஒரே நடுக்கம். அங்கே வருபவர்களில் பாதிப்பேர் படங்களைச் சுட்டுக்கொண்டு போகிறவர்கள் என்று அது கேள்விப்பட்டிருந்தது. காவலுக்காக, அதை எடுத்தவரின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து சிறகின்மேல் நின்றது: பொன்னுரங்கம்.

“என் நீலத்தை மறைக்கிறீரே! ஓரமாய் நில்லும் ஐயா.”

“ஓரத்தில் நின்றால் நறுக்கிவிடுவான் அம்மா.”

“அழகே போனபின் காவல் எதற்காம்?”

பெயர் பெருமூச்சோடு இறங்கி, வலது மூலையில் கோரைப்புல்லுக்குள் ஒடுங்கியது.

வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் படம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. படத்துக்கு மூச்சு உண்டா என்று கேட்காதீர்கள், பயம் உண்டு. மூன்றாம் நாள் வந்தவன் மட்டும் போகவில்லை. வெகுநேரம் அந்த மூலையையே பார்த்தான். பிறகு ஒரு பிரதி எடுத்து, மூலையை நறுக்கினான்.

மறுநாள் வேறொருவரின் இணையப் பக்கத்தில் படம் தன்னையே கண்டது. கோரைப்புல் இல்லை, பொன்னுரங்கம் இல்லை. அலகிலிருந்து வால்வரை, நீலம் துளியும் தெரியாதபடி, தடித்த எழுத்தில் ஒரு புதிய பெயர் கிடந்தது.

அதன் அடியிலிருந்து பிரதி முனகியது: “கொஞ்சம் ஓரமாய் நில்லும் ஐயா.”

“அசையவே மாட்டேன்,” என்றது பெயர். “ஊரெல்லாம் திருடர்கள்.”