உட்கருவுக்குள் ஒரு நூல்

நாற்பது நிமிடம் ஆகியும் நூல் வரவில்லை.

அக்கா நாற்காலியை நுண்ணோக்கியின் திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் இருந்தவை தம்பியின் செல்கள். ஆறு மாதத்துக்கு முன் அவன் கழுத்துப் புற்றுக் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தட்டில் ஊட்டி வளர்த்தவள் அவளேதான்.

மருத்துவமனையில் அவனுக்குக் கொடுத்த அதே அளவு கதிர்வீச்சை இன்று காலை அந்தத் தட்டுக்கும் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. அறுந்த இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. இனி பச்சை வர வேண்டும்.

பச்சை என்பது ஆக்டின். தசையை இழுக்கிற புரதம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். உட்கருவுக்குள் அதற்கு என்ன வேலை என்று வெகுகாலம் யாரும் நம்பவில்லை. அவள் ஒன்பது வருடமாகப் பார்ப்பது அந்த வேலையை மட்டும்தான்.

சும்மா இருக்கும்போது அது உட்கருவுக்குள் பொடிப்பொடியாக மிதக்கும். டி.என்.ஏ. அறுந்தால் பொடி கோத்துக்கொண்டு நூலாக ஓடும். அறுந்த முனைகளை உட்கருவின் ஓரத்துக்கு இழுத்துப் போகும். அங்கே வைத்து ஒட்டு நடக்கும். வேலை முடிந்ததும் நூல் இருந்த சுவடே இருக்காது.

பக்கத்துத் தட்டில் சாதாரணச் செல்கள். அவற்றில் பத்தாவது நிமிடமே நூல் வந்துவிட்டது. சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்தன.

தம்பியின் தட்டிலும் வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். புற்று பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று உலகத்தில் வேண்டிக்கொண்டவள் அன்றைக்கு அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மொத்தம் முப்பது தடவை கதிர் கொடுப்பதாக இருந்தது. பதினொன்றாவது முடிந்தபோது அவனால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. கட்டி அப்படியே இருந்தது. தொடரலாம், நிறுத்தலாம், வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்று மருத்துவர் கைகழுவிக்கொண்டார்.

வீடு மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. செல்லைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதானே.

போதும் என்றாள். தினமும் பார்க்கிறேன், எவ்வளவு சுட்டாலும் இதுகள் ஒரு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்துவிடும், எதற்கு அவனைப் போட்டு வதைக்க வேண்டும் என்றாள்.

மிச்சத்தையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவள் தம்பியின் மனைவி மட்டும்தான். அவள் பேச்சு எடுபடவில்லை. அன்றிலிருந்து நாத்தனாரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் தண்ணீர்த் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கட்டி இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது. இனி கதிர் கொடுத்துப் பயனில்லை என்று போன வாரம் மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஐம்பது நிமிடம். தட்டை மாற்றினாள். இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றிலும் பச்சை பொடியாகவே மிதந்தது. சிவப்புப் புள்ளிகள் வைத்தது வைத்தபடி நின்றன.

இப்படி நிற்கிற செல்கள் தேறாது. நாளை மறுநாள் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. அதைப் பார்க்க அவள் காத்திருக்க வேண்டியதில்லை.

கைபேசி அடித்தது. தம்பிதான். இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். குரல் பாதி காற்றாக வந்தது.

"என்னக்கா, நம்ம வாடகைக்காரங்க என்ன சொல்றாங்க?"

கட்டியின் செல்களுக்கு அவன் வைத்திருந்த பெயர் அது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நூல் வந்துடுச்சுடா. பத்தே நிமிஷம். எல்லாத்தையும் ஒட்டிடுச்சு. முப்பது தடவை குடுத்திருந்தாலும் இதே கதைதான்."

அவன் சிரித்தான். வீட்டுக்காரனைவிட வாடகைக்காரங்க சுறுசுறுப்பு என்றான். சிரிப்பு இருமலாகி, இருமல் கைபேசியைவிட்டுத் தள்ளிப் போனது.

கைபேசி கை மாறியது. ஸ்பீக்கரில் போட்டு இவ்வளவு நேரமும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் நான்கு மாதமாகக் கேட்காத குரல்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"