உச்சி முகர்தல்

துணியை விலக்குவதற்கு முன் அவர் அந்தக் கருவியை வாயில் வைத்து இழுத்தார்.

மாம்பழ மணம் வந்தது.

அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது.

மலேசியாவின் கிள்ளானில், ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் பின்னறை அது. அடுக்குமாடி வீட்டில் தனியே வாழ்ந்து, தனியே இறந்து, அண்டை வீட்டார் கதவை உடைக்கும்வரை எவராலும் தேடப்படாத ஒருவரை மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். உடலைக் கழுவி, வேட்டி உடுத்தி, உறவினர் வந்து பார்க்கத் தக்கதாக ஆக்குவது அவருடைய வேலை. அவருக்குத் தலை நரைத்தது அந்த அறையில்தான்.

எதிரே நின்ற நாகையா சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டான்.

அந்த அறையின் வழக்கம் அது. துணியை விலக்குமுன் ஆளுக்கொன்று பற்ற வைப்பார்கள். பிறகு அதனைக் கையால் தொடுவதில்லை. உதட்டோரத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். புகை மூக்கினுள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேறெதற்கும் அங்கே இடமிராது.

"என்னாண்ணே, பொணத்துக்கு ஜூஸ் கடை வெச்சிட்டீங்களா?" என்றான் நாகையா.

அவர் சிரிக்க முயன்றார். இருமல்தான் வந்தது.

சிகரெட்டை விட்டது மகளுக்காக. கருவுற்றிருப்பதைச் சொன்ன அன்றே, இந்த நாற்றத்தோடு பிள்ளையைத் தொடக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை அவர் உச்சி முகராத நாளில்லை. ஆனால் அந்நாள்களில் அவர் மூக்கில் இருந்தது புகை. தம் குழந்தையின் உச்சி எப்படி மணந்தது என்பதனை அவர் அறியார்.

பேர்த்தியினுடையதையேனும் அறிய வேண்டும்.

மருமகன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த வேப் அது; மாம்பழ மணமுள்ள மின்சிகரெட். நிகோட்டினில் குறை இல்லை. கை நடுங்கவில்லை; தலை வலிக்கவில்லை; எவர்மீதும் எரிந்து விழவில்லை. உடம்பு கேட்டதனை அது கொடுத்தது.

ஆயினும் உதடு எதையோ தேடிற்று. தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கும் அந்தக் கரகரப்பு இதில் இல்லை. கரிந்த வாடை இல்லை. வெண்மையாக ஏதோ முகத்தெதிரே எழுந்தது. ஒன்றையும் மறைக்காமல் கலைந்தது.

சிகரெட்டை விட்டால் மூக்குத் திரும்பிவிடும், சோற்றின் மணம் தெரியும் என்று மருத்துவர் மகிழ்ந்து சொல்லியிருந்தார்.

திரும்பிற்று.

சோற்றில் இந்தப் பிண வாடைதான் தெரிந்தது. சோப்பிலும் இதுதான். தலையணையிலும்.

வேலை முடிந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கைகளில் தேய்த்துக் கழுவினார். நகக்கண்களைத் தனித்தனியே தேய்த்தார். மறுபடியும் கழுவினார். கையை நாகையாவின் முகத்தருகே நீட்டினார்.

"மோந்து பாரு."

"ஒண்ணுமில்லண்ணே."

"நல்லாப் பாரு."

"வாடை கையில இல்ல லா. உங்க மூக்குல குந்தியிருக்கு." நாகையா சிகரெட் பெட்டியைத் திறந்து காட்டினான். "ஒண்ணே ஒண்ணு இழுங்க. எந்திரிச்சு ஓடிரும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்குப் பேத்தி வீட்டுக்கு வருது," என்றார்.

நாகையா பெட்டியை மூடினான்.

மாலையில், மகள் வீட்டில், புதுச் சட்டை அணிந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த களைப்பு மகளின் முகத்தில் இருந்தது. அருகே வந்தாள். குனிந்து அவருடைய தோளை முகர்ந்தாள்; சட்டைக் கழுத்தை முகர்ந்தாள்; பிறகு அவருடைய விரல்களை.

அவர் விரல்களை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வாடையே இல்லப்பா," என்றாள். "நெசமாவே விட்டுட்டீங்க."

குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய கைகளில் வைத்தாள். எடையே இல்லாதது போல் இருந்தது. பூந்துணிக்குள் சிவந்த முகம் உறங்கிக்கொண்டிருந்தது.

மருமகன் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினான்.

"உச்சி மோந்து பாருங்கப்பா. பால் வாசம் அடிக்கும்," என்றாள் மகள்.

அவர் குனிந்தார்.

மெல்லிய மயிர் உதட்டில் பட்டது. அதன் அடியில் உச்சிக்குழி துடித்தது. மூச்சை இழுத்தால் அங்கே எது இருக்கும் என்பதனை அவர் அறியார். அறியாமலும் இல்லை.

"எப்படிப்பா இருக்கு?"

தலையை மட்டும் அசைத்தார்.

மார்பு நோகத் தொடங்கிற்று. காதுகளில் ஏதோ இரைந்தது. அவருடைய கன்னத்தின் கீழே குழந்தை வாயைத் திறந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. மகள் சிரித்தாள்.

"எடுத்தாச்சு மாமா," என்றான் மருமகன்.

அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.

மூச்சையும் இழுக்கவில்லை.