அந்தோனியாரின் கடா

உலகத் தமிழர் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது: புலம்பெயர் கடற்கரையூராம் ஸ்ஃபெர்ராகவால்லோ ஆடு கோழி வளர்ப்போர் சங்கத்தின் நிறுவுநரும் தலைவரும் ஒரே அங்கத்தவருமான சூசைதாசன், அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட கடாவை யேசு பிறந்த நத்தாருக்கு அடித்துக் கறியாக்கினார்.

மகள் றம்யாவின் மூச்சுமுட்டு நிற்கவேண்டுமென்று மனைவி எமிலியானா நேர்ந்த கடா அது. நேர்ந்த கிழமையே முட்டும் நின்றிருந்தது.

"தை பிறக்க வேறை ஒண்டு வாங்கிக் கோயிலிலை விடுவம். அந்தோனியாருக்கு ஆட்டின்ரை முகமே தெரியப்போகுது?" என்றார் தலைவர், எலும்பை உறிஞ்சியபடி.

மறுநாள் விடிய றம்யாவுக்கு மறுபடியும் முட்டு வந்தது. கோழிகளைத் திறந்துவிடப் பின்வளவுக்குப் போன சூசைதாசன் அப்படியே நின்றுவிட்டார். முளையடியில் கடா நின்றது. விலாவில் அதே வெள்ளைத் திட்டு. வேலியில் காயப்போட்டிருந்த தோலிலும் அந்தத் திட்டு இருந்தது. கடா அந்தத் தோலை மோந்து பார்த்தது. குளிரில் அவர் வாயிலிருந்து ஆவி பறந்தது. கடாவின் மூக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அவருக்கு முகம் தெரிஞ்சிருக்கு, தலைவரே," என்றாள் பின்னால் வந்த எமிலியானா. "பிள்ளை கிடந்து தவிக்குது. உடனை கொண்டுபோய் விடுங்கோ."

கடா முன்னால் நடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சூசைதாசன் பின்னால் போனார். கோயில் வாசலில் அதைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. எமிலியானா.

"பிள்ளைக்கு முட்டு நிண்டிட்டுதப்பா! எங்கை நிக்கிறியள்?"

'வாறன்' என்று சொல்லத் தலைவருக்கு மூச்சு வரவில்லை.