நாக்கை நீட்டுங்க!

“நாக்கை நீட்டுங்க.”

வெல்டர் நீட்டினார். மனைவி அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி உற்றுப் பார்த்தாள்.

“நுனிதான் பச்சையா இருக்கு. மிச்சத்தைக் கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கீங்க. மென்னு முழுங்குங்க.”

பட்டறையில் இரும்பை உருக்குகிற மனுஷன், வீட்டில் இரண்டு இலைக்குப் பயந்தார்.

சிறுகுறிஞ்சான் இலை. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த வருஷம், மனைவி தன் பிறந்த ஊரிலிருந்து கொடியைக் கொண்டுவந்து கொல்லை வேலியில் படர விட்டிருந்தாள். அங்கே சர்க்கரை உள்ளவர்கள் பலரும் மெல்லுகிற இலை. மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மணலை மெல்லுகிற மாதிரிதான் இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரை அது பாட்டுக்குத் தினமும் நடக்கும். விசேஷம் என்று யார் கூப்பிட்டாலும், கிளம்புமுன் இலை.

“நீங்க வாசல்ல நில்லுங்க. நான் கொல்லைக் கதவைச் சாத்திட்டு வந்துடறேன்” என்பாள். போனால் வர ஐந்து நிமிஷம் ஆகும்.

இலையை வெல்டர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது விசேஷ வீட்டில் நடப்பதுதான். அவர் தட்டிலிருக்கும் இனிப்பையும் அவளே எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடி, “தேன் மாதிரி இருக்குங்க!” என்று ரசிப்பாள், அதுவும் அவர் முகத்துக்கு நேராக.

“புருஷன் வாயைக் கட்டிப் போட்டுட்டு அந்தம்மா மட்டும் வெளுத்துக் கட்டுது” என்று தெருவே பேசியது. தெரு பேசப் பேச, வெல்டருக்கு வயிறு எரிந்தது.

பேக்கரிக்காரர் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. வெல்டர் முதல் நாளே போய் அவரை அடுப்போரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“எல்லாருக்கும் பெரிய கேக் ஒண்ணு போடு. உங்க அண்ணிக்கு மட்டும் தனியா சின்னதா ஒண்ணு. மாவு, முட்டை, வெண்ணெய் எல்லாம் இருக்கட்டும். சர்க்கரை மட்டும் கூடவே கூடாது. மேல இருக்கிற கிரீம்லயும்தான்.”

“எதுக்குண்ணே?”

“நான் வருஷக்கணக்கா மண்ணு திங்கிறேன். அவ ஒருநாள் தின்னு பார்க்கட்டும்.”

பேக்கரிக்காரருக்கு வியர்த்தது. “அண்ணே, அண்ணிக்கு வாயில பூட்டு கிடையாது. போன மாசம் என் பன்னைக் கையில எடுத்துத் தட்டிப் பார்த்துட்டு, ‘தம்பி, இதை வச்சு ஆணி அடிக்கலாம்’னு கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னாங்க.”

“அதைத்தான்யா நானும் சொல்றேன். அவளுக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. ஒரு வாய் வச்சதும் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். பார்த்துட்டு ஒரு வாரம் நிம்மதியாத் தூங்குவேன்.”

மறுநாள் சாயங்காலம். மெழுகுவர்த்தி ஊதி, கைதட்டி முடித்தார்கள். பேக்கரிக்காரர், “அண்ணிக்குன்னே ஸ்பெஷலாப் போட்டது” என்று சின்னக் கேக்கை நீட்டினார்.

வெல்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சினிமாவுக்குக்கூட அவர் அவ்வளவு முன்னால் உட்கார்ந்ததில்லை.

அவள் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

“அடேங்கப்பா! தேன் மாதிரி இருக்கு தம்பி! ஏங்க, நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. சர்க்கரையைக் கொட்டி வச்சிருக்காரு.”

இரண்டாவது துண்டும் போனது. மூன்றாவதும் போனது.

வெல்டர் பேக்கரிக்காரரை மூலைக்கு இழுத்தார். “கேக்கை மாத்திட்டியாடா?”

“பிள்ளை மேல சத்தியமா இல்லண்ணே!” பேக்கரிக்காரர் தட்டில் உதிர்ந்து கிடந்த தூளை எடுத்து வாயில் போட்டார். அவர் முகம் கோணியது. “அண்ணே, சுவத்துல பூசுற சுண்ணாம்பு தேவலாம். இதையா தேன்னு சொல்றாங்க?”

மரியாதைக்குச் சொல்கிறாளா? பன்னை வைத்து ஆணி அடிக்கச் சொன்னவளுக்கு மரியாதையாவது! வெல்டருக்குக் குழம்பியது. அப்புறம், அவள் சாத்தப் போகும் கொல்லைக் கதவு ஞாபகம் வந்தது. அந்த ஐந்து நிமிஷமும் ஞாபகம் வந்தது. அந்தக் கதவை ஒட்டித்தானே வேலி இருக்கிறது!

பின்கட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்றார்.

“நாக்கை நீட்டு.”

“என்னங்க இது, வந்த இடத்துல விளையாட்டு?”

“நீட்டுன்னா நீட்டு.”

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். வெல்டர் விடவில்லை. கடைசியில் சிரிப்பு பீறிட்டு வந்து வாய் தானாகத் திறந்துகொண்டது.

கேக் துணுக்குகளுக்கு அடியில், நாக்கு நுனியிலிருந்து அடிவரை பச்சைப்பசேல் என்றிருந்தது.

“எத்தனை நாளா?” என்று கேட்டார் வெல்டர்.

“கொடி வச்ச நாள்லேருந்து. உங்களுக்குத் தெரியாத ருசி எனக்கு மட்டும் எதுக்குங்க?”

“அப்ப வேண்டாம்னு சொல்லிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? எதுக்குடி என் பங்கையும் சேர்த்துத் தின்னே?”

“தட்டுல விட்டு வச்சா இலை வேகம் போனதும் நீங்க எடுத்து முழுங்குவீங்க. நானும் வேண்டாம்னு சொன்னா, உங்களாலதான் நான் திங்கலைன்னு மனசைப் போட்டுக் குழப்பிப்பீங்க. தின்னா கோபம்தானே வரும்? உங்க கோபம் ஒரு மணி நேரத்துல ஆறிடும்.”

வெல்டர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான்.

சோப்பு எடுத்துக்கொண்டு வந்த பேக்கரிக்காரரைப் பார்த்து அவள் குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, எனக்கென்னவோ மாவுதான் தெரிஞ்சுது. உண்மையைச் சொல்லுங்க, கேக் எப்படி வந்திருந்துது?”

பேக்கரிக்காரர் வாயைத் திறக்குமுன் வெல்டர் அவர் காலை நன்றாக மிதித்தார்.

“தேன் மாதிரி இருந்துச்சு அண்ணி” என்றார் பேக்கரிக்காரர்.