நொச்சி வேது

ஜெயத்தின் புருஷன் குடும்பத்தில் சளிக்காய்ச்சல் வந்தால் நெஞ்சில்தான் இறங்கும். தெருவே இரண்டு நாளில் எழுந்து நடமாடிய காய்ச்சலில்தான் அவன் போன வருடம் செத்தான்.

"கிருமி சின்னதும்மா. அதோட சண்டை போட்டு ஒடம்பே நுரையீரல வீங்க வச்சிடுது. பரம்பரையா ரத்தத்துல வர்றது," என்றார் திண்டிவனத்து டாக்டர்.

இப்போது மகள் பூங்காவனத்துக்கு அதே காய்ச்சல். ஜெயம் நொச்சித்தழை கொதித்த பானையை அவள் முன் வைத்து, வேது பிடிக்க அவளையும் சேர்த்துக் கம்பளியால் மூடினாள். உள்ளே இரண்டு பேர் இருமினார்கள். வேர்க்கும்வரை கம்பளியைத் திறக்கக் கூடாது. ஜெயம் திறக்கவில்லை.

"எம்மா, ஆவி எல்லாத்தையும் அப்பாவே இழுத்துக்கினு இருக்காரு," என்று சிணுங்கினாள் மகள்.

"ஒண்டிக்கினு உக்காருடி."

காய்ச்சல் இறங்கியது. பூங்காவனம் பள்ளிக்கூடம் போனாள். ஜெயம் மறுபடி தழையைக் கொதிக்கவைத்து, பானை முன் யாருமில்லாத இடத்தில் கம்பளியைப் போர்த்தினாள். அது உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில் நின்றது.

"நல்லா வேர்க்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு மல்லாட்டை உரித்துக் கடலை எடுக்க உட்கார்ந்தாள்.