சாக்கில் வந்த பூனைகள்

இர்பானா தன் மூன்று பூனைகளையும் கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். வழியைப் பார்த்துவிட்டால் பூனை திரும்பி ஓடிவிடும் என்பது லப்பைக்குடிக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். அதன் முன்னறையில் தையல் கடை போடப் போகிறாள். ரியாத்தில் இருக்கும் கணவன் சைபுல்லா சரி என்றுவிட்டான். மாமியார்தான் வாசலில் நின்று சிரித்தார்.

“பூனை வூட்டை விட்டுப் போவாதுடி. மூணு நாள்ல அதுவும் வந்துரும், நீயும் வந்துருவ.”

“பார்ப்போம் மாமி,” என்று வேனில் ஏறினாள்.

புது வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாக்கை அவிழ்த்தாள். மூன்றும் இருந்தன. மூன்றாம் நாள் காலையில் தையல் மெஷின் மேல் ஒன்றும் வெட்டுத்துணிக் குவியலில் இரண்டும் படுத்திருந்தபோது போன் அடித்தது.

“பூனை மூணும் வந்துருச்சு,” என்றார் மாமியார். “பால் குடிக்குது.”

“மூணும் இங்க என் கண்ணு முன்னாடி கெடக்கு மாமி.”

“நீயும்தான் வந்துட்ட. அடுப்படியில ரொட்டி சுடுற. அங்க யாரு போனை எடுக்குறான்னு பார்க்கத்தான் அடிச்சேன்.” அவர் குரலில் கேலி இல்லை.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “யாரு மாமி போன்ல?”

அது இர்பானாவின் குரல்தான். பெரம்பலூரில் இருந்தவள் போனைக் காதோடு வைத்தபடி வாசலைப் பார்த்தாள். வாசலில் முதல் ஆளாக ஓர் அம்மா ரவிக்கைத் துணியோடு வந்து நின்றிருந்தார்.

“அவகிட்ட சொல்லுங்க மாமி, பெரம்பலூர்லேர்ந்து இர்பானா பேசுறேன்னு. ரொட்டிய அவளே சுடட்டும். எனக்குக் கடைக்கு ஆள் வந்தாச்சு.”